பாஷா பங்களாவின் சுவர்

அந்தச் சம்பந்தத்தைப் பேசி வைத்தவள் நான்தான். வேலூரில் நர்ஸாக இருந்தபோது வாஹித் பாஷாவின் மனைவியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டேன். பிறகு சென்னைக்குப் போய், வக்கீல் இஷ்தியாக் அகமதுவின் மகள்களுக்குப் பிரசவம் பார்த்தேன். பாஷா வீட்டில் ஒரு பெண், வக்கீல் வீட்டில் ஒரு பிள்ளை. சும்மா இருக்க முடியாமல் இரண்டு பக்கமும் வாயைத் திறந்தேன்.

1934 ஐப்பசியில் வக்கீல், அவர் மனைவி அஜீஸுன்னிசா, நான் மூவரும் ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கினோம். பெண் பார்ப்பதென்று பேர். அவர்களுக்கு ஆவல் பங்களாவின் மேல்தான். ஜெர்மன் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குத் தோல் அனுப்பிச் சம்பாதித்ததில் பாஷா கட்டிய வீடு அது. பின்புற மதிலுக்கு அந்தப் பக்கமே அவருடைய தோல் பதனிடும் ஷாப்பு. பெண் வஹீதாவுக்கு இருபத்துமூன்று ஆகிவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இரண்டாந்தாரமாகக் கேட்டு வருகிறவர்கள்தான் மிச்சம்.

பாஷா வாசலிலேயே நின்றிருந்தார். "ரெண்டு நாளா ஷாப்புக்கு லீவு வுட்டுட்டேன் வக்கீல் சாப். ஊறவெச்ச தோலைக்கூட அப்புறப்படுத்தியாச்சு. ஒரு வாசனை வராது," என்றார். வீடு முழுக்க ஊதுவத்தி. என் கையிலும் கொஞ்சம் அத்தர் தடவினார்கள்.

வக்கீலை முன்னால் அழைத்துக்கொண்டு பாஷா வீட்டைக் காட்டிக்கொண்டே போக, புர்காவுக்குள் அஜீஸுன்னிசாவும் நானும் நாலடி பின்னால் நடந்தோம். ஆளுயரக் கண்ணாடி, மணி அடித்ததும் குருவி எட்டிப்பார்க்கும் கடிகாரம், தேக்கு மாடிப்படி. "மாஷா அல்லாஹ்" என்று அந்தம்மா மூன்று முறை சொன்னதை நான் எண்ணினேன். காரியம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது.

கால் மணி நேரம் இருக்கும். மேற்குச் சுவர் நனைந்து உள்பக்கம் ஓதம் ஏறியது. கூடவே அந்த வாடையும் வந்தது. பச்சைத் தோலும் சுண்ணாம்பும் சேர்ந்து ஊறுகிற குழியின் வாடை. ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் இருந்த எனக்கே தாங்கவில்லை. அஜீஸுன்னிசா புர்காவோடு சேர்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பாஷா மட்டும் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சந்தோஷமாக நின்றார்.

"இந்தச் சுவரைப் பாருங்க சாப், ஒரு வெடிப்பு இருக்கா? ஆட்டு மயிர் கலந்தா பூச்சு கல்லு மாதிரி நிக்கும்னு விரிஞ்சிபுரம் கொத்தனாரு வேலாயுதம் சொன்னாரு. வெளியில ஒரு கூடை சுண்ணாம்பு வாங்கல. மயிரு, சுண்ணாம்பு எல்லாம் தோல் ஊறின நம்ம குழியில இருந்தே இருநூறு வண்டி. எத்தினி லட்சம் ஆடு இருக்குதோ இதுக்குள்ள!"

நல்ல மனுஷன், தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார். சுவரைத் தொட்டிருந்த விரலை வக்கீல் மெல்லக் கைக்குட்டையில் துடைத்தார். அந்தம்மாவுக்குத் திடீரென்று தலைவலி வந்தது. ரயில் நாலு மணிக்கு. ஒரு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். தம் போட்ட பிரியாணி மூடி திறக்காமலே இருந்தது. பெண்ணைப் பார்க்கவும் இல்லை.

என் பையை எடுக்க உள்ளே போனேன். திரைக்குப் பின்னால் வஹீதா நின்றிருந்தாள். தோடு, வளையல் எல்லாம் போட்டபடியே.

"வாடைதானே நர்ஸம்மா?"

நான் குனிந்து பையை எடுத்தேன்.

"மெட்ராஸ் ஹாஸ்டல்ல ஒரு வருஷம் இருந்துட்டு வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. வருஷத்துக்கு ரெண்டு வாட்டி வெள்ளையடிக்கச் சொல்றேன். போக மாட்டேங்குது." குரலில் அழுகை இல்லை. "அத்தாகிட்ட சொல்லிடாதீங்க. பொறந்ததுல இருந்து அவருக்கு மழை வாசனைன்னா இதுதான்."

வெளியே வந்தேன். வண்டி தெருமுனையில் எனக்காகக் காத்திருந்தது. பாஷா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து வயது கூடியவர்போல இருந்தார்.

"இன்னா கொறை வெச்சேன், நர்ஸம்மா? நீங்களாச்சும் சொல்லுங்க."

பார்க்கச் சகிக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "குறையெல்லாம் ஒண்ணுமில்ல பாய். வீடு ரொம்பப் பெரிசு. இவ்வளவு பெரிய இடத்துல எப்படிச் சம்பந்தம் பண்றதுன்னு அவங்க பயந்துட்டாங்க."

அவர் முகம் தெளிந்தது.

"அட, இவ்ளோதானா? இதை முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாமே. தோட்டத்துப் பக்கம் வஹீதாவுக்குன்னே சின்னதா ஒரு வீடு கட்டிடறேன். இனிமே பார்க்க வர்றவங்களை அங்கயே உட்கார வெச்சுடலாம். வேலாயுதம் இருக்காரு. சுண்ணாம்பும் மயிரும் நம்மகிட்டயே கிடக்குது."

திரை அசைந்தது. வஹீதா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. பையோடு மழையில் இறங்கினேன்.