ஒரு மாத அறிவித்தல்

திங்கட்கிழமை காலை முதலாளியின் மேசையில் பிறின்சி வைத்துவிட்டு வந்த விலகல் கடிதம், செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவளுக்கு முன்னமே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. தம்பி மில்ரன் அதை விரித்துப் பிடித்தபடி கதிரையில் இருந்தான். அவளை முகம் கழுவக்கூட விடவில்லை.

"என்னக்கா இது?"

"வாசிச்சிட்டாய்தானே. வேலையை விடுறன் எண்டு எழுதியிருக்கு."

"அருளப்பு ஐயா ஆள் விட்டுக் கூப்பிட்டு, உன்ர அக்காட்ட என்னெண்டு கேள் எண்டு கையில தந்தவர். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்க வைக்கிறதெண்டு தெரியேல்ல."

"நான் அவருக்குக் குடுத்த கடிதத்தை அவர் ஏன் உன்னட்டத் தந்தவர்?"

அது கேட்கக்கூடிய ஒரு கேள்வி என்றே மில்ரனுக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை.

பிறின்சிக்கு முப்பத்தைந்து வயது. தாழ்வுபாட்டிலிருந்து கடலுக்குப் போன கணவன் திரும்பி வராதபோது மகள் கிருஷிகாவுக்கு ஒரு வயது. அடுத்த ஆண்டே மன்னார் டவுனில், நண்டு வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் அருளப்புவின் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. விடிய ஆறு மணிக்குக் கந்தோரைத் திறப்பதும், நிறுவைச் சீட்டு எழுதுவதும், ஐஸ் லொறிக்குச் சொல்வதும், கொழும்புக்காரரோடு போனில் மல்லுக்கட்டுவதும் அவள்தான். நண்டுப் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் இல்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து காலை நீட்டினால், மகள் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லச் சொல்லவே கண் சொருகிவிடும். ஒரு நாள் பிள்ளை கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு எழும்பிப் போனது. அடுத்த கிழமை பிறின்சி வேறு வேலை தேடத் தொடங்கினாள். பாலத்துக்கு அங்கால் புதிதாகத் திறந்திருந்த நண்டு பதனிடும் ஆலையில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. எட்டு மணித்தியாலம், ஞாயிறு லீவு.

"மூண்டு மாதம் நிண்டு போட்டுத்தான் போகவேணுமாம்" என்றான் மில்ரன். "அதுவும் நான் வந்து கதைச்சால்தானாம்."

"என்ர நியமனக் கடிதத்தில ஒரு மாத அறிவித்தல் எண்டுதான் கிடக்கு."

"கடிதத்தை விடக்கா. புருசன் இல்லாமல் நிண்ட உனக்கு அண்டைக்கு வேலை தந்த மனுசன். நாளைக்கு என்ர நண்டை எடுக்கமாட்டன் எண்டால் நான் எங்க போறது?"

"நீ அவற்ற லொறி ஓடின காலத்தில, வள்ளம் வாங்கப் போறன் எண்டு ஒரே நாளில விட்டிட்டு வந்தனி. அண்டைக்கு என்னை ஆரும் கூப்பிட்டு விசாரிச்சவையோ?"

"அது வேற."

"என்ன வேற?"

மில்ரன் கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அருளப்புவைக் கெட்ட மனிதர் என்று மன்னாரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கோயில் திருநாளுக்குப் பந்தல் போடுவது அவர் செலவு. செத்த வீடென்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். யாரோடும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அடுத்த நாள் காலை பிறின்சியைக் கூப்பிட்டபோதும் அப்படித்தான் பேசினார்.

"தம்பி என்ன சொன்னவன், பிள்ளை?"

"அவனிட்ட நான் ஒண்டும் கேக்கேல்ல ஐயா. வேலையை விடுறது நான்தானே."

அவர் சிரித்தார். அலுமாரியிலிருந்து பழைய கோவை ஒன்றை எடுத்து அவளுடைய நியமனக் கடிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அடியில் அவளுடைய கையொப்பம். அதற்கும் கீழே 'பொறுப்பாளர்' என்ற சொல்லுக்கு நேரே மில்ரனின் கையொப்பம். அன்றைக்கு அவனுக்கு இருபத்திரண்டு வயது. எந்த இடத்தில் வைப்பதென்று தெரியாமல் நின்றவனுக்கு அவள்தான் விரலால் தொட்டுக் காட்டினாள். அந்தக் கந்தோரில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாருடைய கடிதத்திலும் அந்தக் கோடு உண்டு. அப்பா, அண்ணன், புருசன், யாராவது ஒரு ஆண் அதில் கையொப்பம் வைத்திருப்பார். ஆண்களின் கடிதத்தில் கோடு இல்லை.

"உன்னை நான் உன்னட்ட இருந்து எடுக்கேல்ல பிள்ளை. உன்ர தம்பியிட்ட இருந்து எடுத்தனான். தந்தவன் வந்து கேக்கட்டும், விடுறன். அதுவும் மூண்டு மாதத்தால. இடையில போனால் சேவைக் கடிதம் தரமாட்டன்."

பிறின்சிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு அலுப்புத்தான். உடம்பு முழுவதும் பரவி, நின்ற இடத்திலேயே இருந்துவிடலாம் போன்ற அலுப்பு. "சரி ஐயா" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தபால் கந்தோருக்கு நடந்து போய், அதே விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் முதலாளியின் பெயருக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துத் தபால்காரர் அதைக் கொண்டுவந்தார். கந்தோருக்கு வரும் தபாலைப் பொறுப்பெடுப்பது அவள் வேலை. ஆகவே அவளே கையொப்பம் வைத்து வாங்கி, கொண்டுபோய் அருளப்புவின் முன்னால் வைத்தாள். அவர் உறையைப் பிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அவளோடு கதைப்பதை நிறுத்தினார். சொல்ல வேண்டியதை எல்லாம் நிறுவைக்காரனிடம் சொல்லி அனுப்பினார். பூசைக்குப் போய்வந்த பெண்கள் வழியில் மறித்து, "நல்ல மனுசனோட ஏனம்மா பகைக்கிறாய்?" என்று கேட்டார்கள். பிறின்சி ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குக் கந்தோரைத் திறந்தாள். ஒரு நாளும் பிந்தவில்லை.

மில்ரனின் நண்டை எடுக்க மாட்டேன் என்று அருளப்பு சொல்லவில்லை. கடைசியாக நிறுக்கச் சொன்னார், அவ்வளவுதான். முதல் ஆளாக வந்து கூடையை இறக்கினாலும் மற்றவர்கள் எல்லாரும் போன பிறகுதான் அவன் முறை வந்தது. வெயில் ஏற ஏற நண்டு ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கும். செத்த நண்டுக்குச் சீட்டில் 'கழிவு' என்று எழுத வேண்டும். தம்பியின் பெயருக்கு நேரே அந்தச் சொல்லைப் பிறின்சி தன் கையால் எழுதினாள். மூன்று நாள் எழுதினாள்.

நாலாம் நாள் மில்ரன் சீட்டை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

"எத்தினையாம் திகதி போறாய்?"

"முப்பதாம் திகதி."

"அதுமட்டும் நான் நண்டைப் பேசாலைக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றான். கூடையைக் கழுவி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆலையில் ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவள் நிஸ்லா என்ற பெண். பிறின்சி அவளுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னாள்.

"ஒரு மாதம் எங்களால பாத்துக்கொண்டு நிக்கலாம். மூண்டு மாதம் ஏலாது" என்றாள் நிஸ்லா. "ஆனா சேவைக் கடிதம் இல்லாட்டி உங்கட ஒன்பது வருசத்தையும் கணக்கில எடுக்கேலாது, பிறின்சி. எனக்கு மேல இருக்கிறவை ஒத்துக்கொள்ள மாட்டினம். நண்டு உடைக்கிற மேசையில இருந்துதான் தொடங்கவேண்டி வரும். ஒரு வருசம் போகட்டும், பாப்பம்."

பிறின்சி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஞாயிறு லீவு இருக்குத்தானே?"

"ஓம், அது எல்லாருக்கும் இருக்கு."

"அப்ப வாறன்."

கடைசிக் கிழமையில்தான் அருளப்பு வேறு ஆள் பிடித்தார். உயிலங்குளத்திலிருந்து வந்த டிலக்சனாவுக்கு இருபத்தொரு வயது. சொன்னதை ஒரு தரத்திலேயே பிடித்துக்கொள்ளும் பிள்ளை. எந்த வள்ளக்காரர் எப்போது வருவார், எந்த லொறி பிந்தும், கொழும்பில் யாரோடு எப்படிக் கதைக்க வேண்டும் என்று பிறின்சி ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தாள்.

முப்பதாம் திகதி பின்னேரம் நியமனக் கடிதத்தில் கையொப்பம் வைக்க டிலக்சனாவின் தகப்பன் தம்பு வந்தார். வயலுக்குத் தண்ணீர் மறித்துவிட்டு நேரே வந்திருந்தார். கால் நகத்தில் சேறு காயவில்லை. கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தது பிறின்சிதான். டிலக்சனா அதில் தன் கையொப்பத்தை வைத்துவிட்டிருந்தாள். அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் எங்க பிள்ளை வைக்கிறது?"

"உங்களுக்கு இதில இடமில்லை ஐயா" என்றாள் பிறின்சி. "வேலைக்கு வாறது மகள்தானே. அவ வைச்சது காணும்."

தம்பு குழம்பிப்போய் முதலாளியைப் பார்த்தார். அருளப்பு கடிதத்தை வாங்கி அடிவரைக்கும் வாசித்தார். லாச்சியைத் திறந்து அடிமட்டத்தை எடுத்தார். டிலக்சனாவின் கையொப்பத்துக்குக் கீழே நேராக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'பொறுப்பாளர்' என்று தன் கைப்பட எழுதி, தாளைத் தம்புவிடம் நீட்டினார். தம்பு நிம்மதியாக மூச்சு விட்டுக் கையொப்பம் வைத்தார்.

"இனி இவள் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றார் அருளப்பு. "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

"உங்களை நம்பித்தான் விடுறன் ஐயா."

பிறின்சி தன் குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்தாள். "போட்டு வாறன் ஐயா" என்றாள். அருளப்பு நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்பு மட்டும் யாருக்காகவோ தலையை ஆட்டினார்.

படலையைத் திறக்கும்போது பின்னால் டிலக்சனா வந்தாள். தன் பிரதியைக் கையில் வைத்திருந்தாள். உள்ளே கேட்காதபடி மெல்லக் கேட்டாள்.

"அக்கா, நீங்கள் விலகேக்க உங்கட கடிதத்தில ஆர் கையொப்பம் வைச்சது?"

"நான்தான்."

"அதை ஏத்துக்கொண்டவையோ?"

"இல்லை" என்றாள் பிறின்சி. "ஆனா நான் போறன்தானே."

பஸ் வருவதற்கு நேரம் இருந்தது. அவள் அவசரப்படாமல் நடந்தாள்.