முதுகில் பூசிய சிவப்பு

கணவன் கடலிலிருந்து உயிரோடு மீண்ட மூன்றாம் நாள் அவள் பட்டறைக்குத் திரும்பினாள். மூழ்கும் படகுகளுக்குக் கயிற்றைச் சுமந்து பாயும் சிறு ராக்கெட்டுகளுக்கு வர்ணம் பூசுவது அவள் வேலை. பட்டறையில் அவற்றைக் குருவி என்பார்கள். அவள் பூசிய குருவி ஒன்றுதான் அவனையும் காப்பாற்றியது. அந்த நன்றி நெஞ்சில் நிறைந்திருந்தபோதும், கட்டுப்போட்ட கையால் தேநீர்க் குவளையைப் பிடிக்கத் திணறியபடி காலையில் அவன் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது.

“மூணு குருவி விட்டாங்க. நாலாவதுதான் கைக்கு வந்துச்சு.”

“மத்த மூணும் என்னங்க ஆச்சு?”

“யாரு கண்டா? நேரா மூஞ்சிக்கு வருது, வர்றதே தெரியலை. நீ அழகா அடிச்ச சிவப்பெல்லாம் அதோட முதுகுல இருக்கு. நாங்க என்ன முதுகுப் பக்கமா நின்னோம்?”

உண்மைதான். சிவப்புப் பட்டையும் வாலில், புகையும் வாலில். சோதனைத் திடலில் எல்லோரும் சுடுபவருக்குப் பின்னால் நின்றே பார்த்தார்கள். சோதனைப் படிவத்தில் ‘தெரிந்தது’ என்று எழுதியவர்களும் அவர்களே. எதிரே காத்திருப்பவனின் கண்ணைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, அவள் உட்பட. கை ஆறியதும் அவன் மறுபடி கடலுக்குப் போவான். வெள்ளிக்கிழமை இருநூறு குருவிகள் மீட்புப் படகுகளுக்குப் போகவிருந்தன.

மேலாளர் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“ஏம்மா, வாலு தகதகன்னு எரியுது. இதுக்கு மேல என்ன வேணும்?”

“ஒரு தடவை அந்தப் பக்கம் நின்னு பாருங்க சார்.”

“என்னைத் தீர்த்துக்கட்டவா?”

“நானும் பக்கத்துலயே நிக்கிறேன்.”

சுடுபவர் குறுக்கே புகுந்தார். “தைரியமா போங்க சார். நான் குறி வச்சது எதுவும் அடிபட்டதே இல்லை.”

திடலின் மறுகோடியில் இருவரும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டி நின்றார்கள். வானம் சாம்பல் நிறத்தில் மூடிக்கிடந்தது. வெடிச்சத்தம் கேட்டது. “எங்கம்மா?” என்று மேலாளர் கேட்டு முடிப்பதற்குள், அவர்களுக்குப் பின்னால் புல்லில் கயிறு சரசரவென விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “இன்னொன்னு விடச் சொல்லு.” இரண்டாவதையும் அவர்கள் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அனுப்புவது நின்றது. மூன்று வாரங்களில் சிவப்புப் புகை கக்கும் துளைகள் வாலிலிருந்து விலாவுக்கு இடம்பெயர்ந்தன. மூக்கில் அவள் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை தீட்டினாள். அடுத்த சோதனைக்கு மேலாளர் அவள் கணவனையே வரவழைத்து மறுகோடியில் நிறுத்தினார். இம்முறை அவள் சுடுபவரின் அருகே வாக்கி டாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

வெடிச்சத்தத்தோடு கிளம்பியது. குருவி இன்னும் பாதி வானத்தில்தான் இருந்தது.

“வருது! வருது! மஞ்ச மூக்கு, சுத்தி செவப்பா வளையம்... ஏ புள்ள, தெரியுது!”

சுடுபவர் அவளிடமிருந்து வாக்கி டாக்கியை வாங்கி, “பார்த்தது போதும், தலையைக் குனிங்க மாப்பிள்ளை!” என்று கத்தினார்.

அன்றைய படிவத்தில், ‘தெரிந்தது’ என்பதற்கு எதிரே முதன்முறையாக எதிர்ப்பக்கம் நின்றவன் கையெழுத்திட்டான். வலக்கையில் இன்னும் கட்டு இருந்ததால் இடக்கையால் போட்டான். எழுத்து கோணிக்கொண்டு கட்டத்துக்கு வெளியே ஓடியது.

“இதை யாரு படிக்கிறது?” என்றார் மேலாளர்.

“எனக்குத் தெரியுது சார்” என்றாள் அவள்.