நாலாவது வாய்ப்பில் ஒரு கஜம்

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஹார்ட்வெல் கல்லூரி தோற்றுவிட்டால் திங்கட்கிழமை மதியம் ஊரில் எல்லோரும் கோச்சுகள்தான். லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தள ஹாலில் கூடும் ஆதரவாளர் சங்கம் அதற்கென்றே இருக்கிறது. மாட்டுக்கறி சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே சனிக்கிழமை ஆட்டத்தைத் திரையில் ஓட்டுவார்கள்; பயிற்சியாளரை முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். ஜெயித்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள், தோற்றிருந்தால் தோலை உரிப்பார்கள்.

அந்தத் திங்களன்று மாட்டிக்கொண்டவன் கோல்பி ராஸ்மசென், அணியின் தாக்குதல் பயிற்சியாளன். பந்து நம் பையன்கள் கையில் இருக்கும்போது அதை வைத்துக்கொண்டு ஓடுவதா, எறிவதா என்று மேலே கண்ணாடி அறையிலிருந்து சொல்வது அவன் வேலை. மூன்றாவது மேசையில் காபியை ஆற்றிக்கொண்டிருந்த வென்டல் கிராஃபுக்கு அவன் மாப்பிள்ளை.

கோல்பியின் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. தலைமைப் பயிற்சியாளர் ஹாலிஸ் நல்ல மனிதர்தான், ஆனால் சங்கத்தை எதிர்த்துக்கொள்ளும் துணிச்சல் கிடையாது. சங்கம் வேண்டாம் என்றால் கோல்பி போகவேண்டியதுதான். அவனோடு வென்டலின் மகள் டாராவும் பேத்தியும் வேறு மாநிலத்துக்கு மூட்டை கட்டவேண்டும். மனைவி போன பிறகு வென்டலுக்கு இருக்கும் ஒரே ஒட்டு மகளின் வீடுதான்.

அதற்காக மாப்பிள்ளையைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார் என்று நினைக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், மசித்த உருளைக்கிழங்கு கைமாறும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"ஏன் மாப்ள, அது பந்தா, புறாவா? எப்பப் பாத்தாலும் பறக்க விடுறியே!"

"உங்க காலத்துல பந்தை எறியலாம்னே யாருக்கும் தெரியாதாமே, மாமா?"

டாரா இருவரையும் முறைத்த பிறகுதான் சாப்பாடு நடக்கும்.

சங்கத் தலைவர் லாயல் பென்னர் பல் டாக்டர். பிடுங்குவதில் கைதேர்ந்தவர்.

"கடைசி இடத்துல கெடந்த டீம் இப்ப ரெண்டாவது இடத்துல நிக்குது. ஒத்துக்கறேன். முன்னால பத்து பாயிண்டுக்கே மூச்சு வாங்குனவங்க இப்ப முப்பது எடுக்குறாங்க. அதையும் ஒத்துக்கறேன். ஆனா தம்பி, கடைசி நிமிஷம் வந்தா மட்டும் உனக்கு என்னய்யா ஆவுது? படத்தைப் போடுங்கப்பா."

திரையில் சனிக்கிழமை ஓடியது. நாலு பாயிண்ட் பின்னால். நாலாவது வாய்ப்பு, அதுதான் கடைசி; பாயிண்ட் தரும் கோட்டுக்கு ஒரே ஒரு கஜம். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமையெல்லாம் தீர்ந்து, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பந்தோடு இடப்பக்கம் முட்டி ஓடுவதுதான் இந்த ஊரின் வழக்கம். கோல்பியோ எறியச் சொல்லியிருந்தான். பந்து புல்லில் விழுந்தது.

"ஏன் ஓடல?"

"எறியறதுதான் சரின்னு பட்டுது, டாக்டர்."

"ஏன் பட்டுது?"

"பட்டுது."

"எங்க வீட்டு நாயைக் கேட்டாக்கூட ஓடச் சொல்லியிருக்கும்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, ஹால் சிரித்தது. வென்டலும் எரிச்சலில்தான் இருந்தார். வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லேண்டா என்று மனசுக்குள் திட்டினார்.

பென்னர் மறுபடியும் ஓட்டச் சொன்னார். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். வென்டல் பந்தைப் பார்க்கிற ஜாதி இல்லை. இதே கல்லூரிக்கு இடப்பக்க கார்டாக, அதாவது எதிராளிகளை முட்டித் தள்ளிப் பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி விடுகிறவனாக, ஆடியவர். அவர் கண் தானாக அந்த இடத்துக்குப் போகும். அங்கே குனிந்து நின்ற பையன் இடது காலைத் தரையில் ஊன்றவே இல்லை. முந்தின மோதலில் கணுக்கால் போயிருக்கிறது. ஆள் மாற்ற நேரமில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து கோல்பி அதைப் பார்த்திருக்கிறான். அதனால்தான் அந்தப் பக்கம் ஓடவிடவில்லை.

மாப்பிள்ளை ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் அந்த நொடியே புரிந்தது. வருகிற சனிக்கிழமை கடைசி ஆட்டம். அடிபட்டவனுக்குப் பதிலாக இருப்பது முதல் வருடப் பையன் ஒருவன்தான். இங்கே சொன்னால் இந்தக் காபி ஆறுமுன் எதிரணிக்குச் செய்தி போய்விடும். வாரம் முழுக்க அந்தச் சின்னப் பையனை உடைப்பதற்கே பழகுவார்கள். இத்தனை நாள் இவனை எடைபோடத் தெரியாமல் இருந்தோமே என்று வென்டலுக்கு வெட்கமாக இருந்தது.

"வென்டல், நீங்களே ஒரு பழைய கார்டு," என்று பென்னர் திரும்பினார். "மாப்பிள்ளைன்னு பாக்காம சொல்லுங்க. இடப்பக்கம் ஓடியிருந்தா அந்த ஒரு கஜம் கெடைச்சிருக்குமா, கெடைச்சிருக்காதா?"

கோல்பி நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தான். கிடைத்திருக்காது என்றால் அடுத்த கேள்வி ஏன் என்பதுதான்.

"கெடைச்சிருக்கும்," என்றார் வென்டல்.

கைதட்டல் எழுந்தது. வியாழக்கிழமையே சங்கம் முடிவைச் சொல்லிவிட்டது: வேறு ஆளைப் பாருங்கள்.

டாரா அன்று போனில் கத்தினாள். "ஊரே திட்டினாத் தாங்கிக்குவேன்ப்பா. நீங்களுமா?" சாண்ட்விச் தின்ன வந்தவர்களில் யாரோ அவர் சொன்னதை அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மைதானத்தில் டாரா அப்பாவோடு உட்காராமல் இரண்டு வரிசை கீழே பேத்தியோடு உட்கார்ந்தாள். முதல் வருடப் பையன் இடப்பக்கம் நின்றான். வழக்கமாக நிற்பவன் ஊன்றுகோலோடு கோட்டுக்கு வெளியே நின்றான். எதிரணிக்கு விஷயம் பிடிபட்டபோது பாதி ஆட்டம் முடிந்து, ஹார்ட்வெல் பதினேழு பாயிண்ட் முன்னால் இருந்தது. பயிற்சியாளனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அல்லவா, டாரா அந்த ஊன்றுகோலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

"அன்னைக்கே தெரியுமாப்பா உங்களுக்கு?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் வேலை நின்னுருக்கும்ல?"

"அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் நின்னுருக்கும். அவனே சொல்லலையேம்மா. அவன் வேலையைக் காப்பாத்துறேன்னு, அவன் காப்பாத்தினதை நான் போட்டு உடைக்கவா?"

டாராவுக்கு அழுகை வந்தது. அவருக்கும்தான். குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு, தன் போர்வையில் பாதியை அவர்மேல் போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டத்தில் இன்னும் கால்வாசி மீதி இருந்தது.