வைத்திக்குப்பத்தில் இரண்டு முறை விடிந்த நாள்

என் காரின் முன்விளக்குகள் மங்கிப்போனதும், "சாயங்காலப் பூசைக்கு நான் சம்பந்தி கார்ல போறேன்" என்று அறிவித்துவிட்டாள் என் மனைவி பிலோமினா. சம்பந்தி பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அவருடையது புதுக்கார். எனக்கோ மானப் பிரச்சினை.

மலிவாக இரண்டு ஹாலஜன் பல்பு வாங்கினேன். கண்ணாடியில் விரல் பட்டால் பல்பு போய்விடும். அதனால் சர்ச்சுப் பூசைக்கு அவள் போடும் முக்காட்டுத் துணியால் பிடித்து நானே மாட்டினேன்.

பொழுது சாய்ந்தது. வாசலில் சம்பந்தி காரில் அவள் ஏறிவிட்டாள். சுவிட்சைத் தட்டினேன். வெளிச்சம் தெருவைத் தாண்டிக் கடலில் விழுந்தது. விடிந்துவிட்டதென்று வைத்திக்குப்பத்துப் பெண்கள் மீன்கூடையோடு கரைக்கு வந்துவிட்டார்கள்.

"டிம் பண்ணுங்க சம்பந்தி, கண்ணு கூசுது!" என்று கெஞ்சினார் அவர்.

பிலோமினா இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரு லைட்டு போடாம முன்னாடி போவட்டும். நம்ம வெளிச்சமே போதும்."