பெட்டி கட்டியாச்சு

1
இந்தக் கதை எனக்கு ஒரு பின்னூட்டத்திலிருந்து கிடைத்தது. பரிசு வாங்கிய நாவல் ஒன்றைப் பற்றி இணையத்தில் ஒருவர் உருகி உருகி எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரு பெண் எழுதிய ஒற்றை வரி: "பெட்டி கட்டியாச்சு. வந்து தூக்குங்க." பலரும் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். எழுதியது அவர் மனைவி என்பது பிறகுதான் தெரிந்தது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2
'அவன் ஒரு கொடுமைக்காரன். மனைவியை எப்போதும்...'

வேண்டாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பள்ளியில் கணக்கு வாத்தியார். அதிர்ந்து பேசமாட்டார். பரிசு வாங்காத நாவலைத் தொடமாட்டார் என்பதால் சக ஆசிரியர்கள் வைத்த பெயர் பரிசுக்காரர். நாவலில் ஒரு நாய் செத்தாலும் கண் கலங்கும்.

இந்த ஆண்டு பரிசு வாங்கிய நாவலில், மனைவிக்கு வெளியூரில் பெரிய வேலை கிடைக்கிறது. கணவன் போகாதே என்று சொல்வதில்லை. காதில் விழாதவன்போல இருந்தே அவளைப் போகவிடாமல் செய்கிறான். பரிசுக்காரர் கொதித்துப்போனார். "இவனெல்லாம் ஒரு மனிதனா? நானாக இருந்தால் அவள் பெட்டியை நானே பேருந்து நிலையம்வரை சுமந்திருப்பேன்" என்று எழுதினார். பாராட்டு குவிந்தது. அதற்கு நடுவில்தான் அந்த வரி.

3
சிரித்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தார். கூடத்தில் நிஜமாகவே பெட்டி நின்றது. பக்கத்தில், செருப்பு மாட்டியபடி அவள்.

(கவனித்தீர்களா? அவரை 'அவர்' என்றும் மனைவியை 'அவள்' என்றும் எழுதிக்கொண்டு போகிறேன். கை பழகிவிட்டது. திருத்துகிறேன்.)

பக்கத்தில், செருப்பு மாட்டியபடி அவர் மனைவி. மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்பவர்.

"என்னம்மா, விளையாட்டா?"

"இல்லீங்க. அந்த ஊர் ஆஸ்பத்திரியில லேப் பொறுப்பு முழுக்க எனக்குத்தான். நாளைக்குச் சேரணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"எத்தனையோ தடவை சொன்னேன். நீங்க 'ம்ம்'னு சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பினீங்க."

"ம்ம்னா... சரின்னுதானே அர்த்தம்?"

"அப்ப சரி. தூக்குங்க."

"அது நாவல்மா" என்றார் பரிசுக்காரர்.

"தெரியும். படிச்சிட்டேன். இந்த வீட்டுக்கு வர்ற புத்தகம் எல்லாத்தையும் உங்களுக்கு முன்னாடி நான்தான் படிக்கிறேன். எப்படி இருந்துச்சுன்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா?"

பெட்டியைப் பார்த்தபோது வராத பயம் அவருக்கு இதைக் கேட்டதும் வந்தது.

4
முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

'அவர் வாசலை மறித்து...' இல்லை.

'மனைவி மனமிரங்கி, பெட்டியை உள்ளே...' இதை எழுதக் கை கூசுகிறது.

அவர் தூக்கினார். அவ்வளவுதான். கனத்தது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், ரெண்டு பேருமா ஊருக்கு?" என்றார்.

"இல்ல, அவங்க மட்டும். வேலைக்குப் போறாங்க." சொன்ன பிறகு தன் குரலே யாருடையதோபோல இருந்தது அவருக்கு.

பேருந்தின் வயிற்றுக்குள் பெட்டியைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். அந்த நாவலில், கடைசியில் ஒருவழியாகக் கிளம்பிவிடும் மனைவி ஜன்னல்வழியே ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே அதற்குப் பரிசு கொடுக்கலாம் என்பது இவர் கட்சி. அதனால் காத்திருந்தார். உள்ளே அவர் மனைவியோ தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவரிடம் பயணச்சீட்டைக் காட்டி, எழுந்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது.

இந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்கவைப்பது எனக்கு ஒரு வரி வேலை. நான் செய்யப்போவதில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் அவரைத் திரும்பிப் பார்க்கவைத்துக்கொள்ளுங்கள்.

அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.