பங்காருபேட்டையில் நின்ற பஸ்

புரோகிராமில் பிரிண்ட் போட்டுப் பிழை தேடுகிறவனுக்குப் பரலோகத்தில் இடமில்லை என்பது லாய்டின் தீர்க்கமான முடிவு. பாதிரியாரிடம் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அதில் சந்தேகமும் இல்லை.

அவன் வழி வேறு. பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில், தன் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் எடிட்டரைத் திறப்பான். அது நேரே மும்பையில் இருக்கும் கம்பெனி மெஷினுக்குள் போய் நிற்கும். சந்தேகப்பட்ட வரியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான். புரோகிராம் அந்த வரிக்கு வந்ததும், சுரங்கத்தின் நடு லெவலில் மாட்டிய கேஜ் லிஃப்ட் மாதிரி நின்றுவிடும். உள்ளே இருப்பதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். அதே டீமில் இருக்கும் ஹேமந்தைப் போல, பத்து வரிக்கு ஒரு தரம் 'இங்க வந்துட்டேன்', 'இங்கயும் வந்துட்டேன்' என்று திரையில் காட்டச் சொல்லி எழுதிவைத்து, எந்த வந்துட்டேனுக்கு அப்புறம் வழி தவறுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஹேமந்தின் அப்பாவுக்கு ராபர்ட்சன்பேட்டையில் ஹார்டுவேர் கடை. போன கிறிஸ்துமஸ் பார்ட்டியில் ஹேமந்த் மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "லாய்ட் புள்ளி வச்சிட்டு ஒரு வாரமா காத்துகினு கீறான், ஒண்ணும் மாட்டல. எங்க கடை எலிப்பொறி எவ்வளவோ மேல்."

டீம் லீடர் மமதா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆபீஸில் அவன் பெயர் எலிப்பொறி. அவர்கள் சிரித்துக்கொண்டே தின்ற கேக், லாய்டின் வீட்டில் செய்தது.

எட்டு மாதம் காத்திருந்தான். இந்தச் செவ்வாய்க்கிழமை கர்த்தர் சத்துருவை அவன் கையில் ஒப்புக்கொடுத்தார். தொழிற்சாலை பஸ்கள் எங்கே வருகின்றன என்று காட்டும் ஆப்பில், இரண்டு பஸ்கள் அவ்வப்போது இடம் மாறித் தெரிவதாகப் புகார். எழுதியவன் ஹேமந்த். தேட வேண்டியவன் லாய்ட். பதினொரு மணி மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அந்த வரியைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். அதற்காகவே சட்டையை அயர்ன் செய்து போட்டிருந்தான்.

"ஜனங்க பாத்துகினு இருக்கிற மெஷின் அது. நிறுத்தாம தேடு," என்று மமதா சொல்லியிருந்தாள்.

லாய்ட் புள்ளியை வைத்தான்.

நின்றது. எல்லாம் சரியாக இருந்தது. விட்டான், மறுபடி நிறுத்தினான். ஒவ்வொரு பஸ்ஸும் அதனதன் இடத்தில், ஆராதனைக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கடைசித் தரம் இருபது நிமிடம் நிறுத்திவைத்து நோண்டினான். போன் அடித்தது. அக்கா ஐடா. பாலகாட் ஸ்டாப்பில் அந்தத் தொழிற்சாலை பஸ்ஸுக்குத்தான் தினமும் நிற்பாள்.

"இன்னாடா, உன் ஆப்புல பஸ்ஸு இருவது நிமிஷமா பங்காருபேட்டையிலயே நின்னுகினு கீது. சரின்னு டீ குடிக்கப் போனேன். கிளாஸ் கையில இருக்கச்சொல்லவே பஸ்ஸு போயிடுச்சி."

"நெட்வொர்க்கா இருக்கும்க்கா."

"எந்த நாய் நிறுத்திச்சின்னு கண்டுபுடிச்சு சொல்லு. சும்மா வுடமாட்டேன்."

"சொல்றேங்க்கா."

புள்ளியை எடுத்தான். அப்போதுதான் உறைத்தது. இரண்டு பஸ் ஒரே நொடியில் தகவல் அனுப்பும்போதுதான் குழப்பம் வருகிறது. புள்ளி வைத்தால் எல்லாம் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வருகின்றன. அப்புறம் எங்கே மோதுவது? ஓடவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. அது யாருடைய வழி என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஜன்னலைச் சாத்தினான்.

பத்தாவது நிமிடம் கிடைத்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டாவது வரி. இடையில் தான் எழுதியவற்றையெல்லாம், கைரேகையைத் துடைக்கிறவன் மாதிரி ஒன்று விடாமல் அழித்தான். முகம் கழுவி, தலை சீவி மீட்டிங்கில் உட்கார்ந்து தன் திரையை எல்லாருக்கும் திறந்து காட்டினான்.

"வரி நூத்திப் பன்னெண்டு," என்றான் நிதானமாக. "ரெண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே எடம். ஒண்ணு உக்கார்றதுக்குள்ள இன்னொண்ணு வந்து உக்காந்துக்குது. எழுதினவர் பேரு பக்கத்துலயே கீது."

ஹேமந்தின் முகம் மாறவில்லை. "அப்படியா. காட்டு, எலிப்பொறி."

"ஹௌது, காட்டு," என்று கன்னடத்தில் ஆமாம் போட்டாள் மமதா. "ஓடவிட்டே காட்டு. காலையில யாரோ இருவது நிமிஷம் நிறுத்தி வச்சிருக்காங்க, அதை அப்புறம் பேசலாம்."

பதினொரு முகங்கள் திரையில் வரிசையாகக் காத்திருந்தன. லாய்ட் மைக்கை அணைத்தான். நூற்றுப் பதினொன்றாவது வரிக்குக் கீழே கர்சரை வைத்து, 'இங்க வந்துட்டேன்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்.