ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

என் அக்காவுக்கு வீட்டில் சல்லடை என்று பெயர். வைத்தவன் நான். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினியைத் திறந்து, முன்பின் தெரியாதவர்கள் செய்த தப்புகளைச் சலிக்க உட்கார்ந்துவிடுவாள். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

தளத்தின் பெயர் 'படியில்லா வழி'. எந்த ரயில் நிலையத்தில் லிஃப்ட் ஓடுகிறது, எந்த வாசலில் சாய்தளம் இருக்கிறது என்று தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிவைக்கும் இணையதளம். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் அது உடனே தளத்தில் ஏறாது. அக்கா மாதிரி ஒரு சரிபார்ப்பாளர் பார்த்து ஏற்க வேண்டும், அல்லது காரணம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கங்கள் இப்போது அவள் பொறுப்பு. அவள் அதில் சேர்ந்ததே என்னால்தான். எனக்குக் கால்கள் நடக்காது. பேட்டரி நாற்காலியில்தான் போக்குவரத்து.

அங்கே ஒரு விதி உண்டு: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். விதியைக் குறை சொல்லமாட்டேன். முன்பு யாரோ ஒரு புண்ணியவான் பல மாற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியதை இன்னொரு புண்ணியவான் படிக்காமல் ஏற்றுக்கொள்ள, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டுகளெல்லாம் தளத்தில் 'பழுது' ஆகிவிட்டன. அதை நம்பி எங்களைப் போன்றவர்கள் எத்தனையோ பேர் வீட்டிலேயே அடைந்து கிடந்தோம். அன்றிலிருந்து அக்கா மூட்டை என்றாலே பிரிக்காமல் திருப்பிவிடுவாள்.

என் வேலைத் தேர்வுக்கு முதல்நாள் சாப்பாட்டு மேசையில் அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"இதப் பாருடா. மஞ்சள்குடைன்னு ஒரு புது ஆள். தலைப்போட நிறத்த மாத்தியிருக்கு, கமா போட்டிருக்கு, கழிப்பறைக்குப் புதுப் படம் வரைஞ்சிருக்கு. ஊர்ல இருக்கற அத்தனை பக்கத்தையும் ஒரே மூட்டையா கட்டி அனுப்பியிருக்கு."

"வீடு காலி பண்ற லாரி மாதிரியா?"

"அதேதான். மூணாவது தடவை வருது. கூடவே கெஞ்சல் வேற." கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தாள். "'எனக்குப் பிரித்து அனுப்பத் தெரியவில்லை. தயவுசெய்து லிஃப்ட் விவரத்தையாவது பாருங்கள்.' தெரியலன்னா கத்துக்கணும்ல?"

"திருப்பி விடு. லாரி போய்ட்டு ஆட்டோல வரட்டும்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று தொடங்கி அக்கா அழகாக எழுதித் திருப்பி அனுப்பினாள். நான் மறுநாள் இறங்கவேண்டிய நிலையத்தின் பக்கத்தைப் பார்த்தேன். லிஃப்ட் ஓடுகிறது, பச்சை அடையாளம். நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

ஒலிக்கூடத்தில் வேலைக்கான தேர்வு அது. புத்தகம் வாசித்துப் பதிவு செய்வார்கள். அதில் விழும் மூச்சையும் இரைச்சலையும் வெட்டி எடுக்க வேண்டும். இதே வேலையை இத்தனை காலம் என் அறையில் தனியாகச் செய்தவன் நான். இது கிடைத்தால் தினமும் சட்டை மாற்றி வெளியே போவேன், நாலு பேரோடு உட்கார்ந்து டீ குடிப்பேன், யாரையாவது பிடிக்காமல் போய் வீட்டில் வந்து வம்பளப்பேன். அதற்குத்தான் அவ்வளவு ஆசை. பதினோரு மணிக்கு வர முடியாவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

நிலையத்தில் இறங்கியதும் லிஃப்ட் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. பழுது. ஒட்டிய டேப்பே பழுத்துப் போயிருந்தது.

நடைமேடை ஊழியர் ஓடி வந்தார். "மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு சார்."

"எப்போ சொன்னீங்க?"

"போன மாசமே சொல்லியாச்சு."

கோபத்தில் அந்தக் காகிதத்தைப் படம் எடுத்தேன். படம் எடுத்தால் லிஃப்ட் ஓடிவிடுமா என்ன?

"நாலு பேரப் பிடிச்சுத் தூக்கிடலாமா சார்?" என்றார். நாற்காலியின் எடையைச் சொன்னேன். படிக்கட்டைப் பார்த்தார், தன் இடுப்பைப் பார்த்தார், பேச்சை விட்டுவிட்டார். முந்தைய நிலையத்துக்குத் திரும்பிப் போனால் அங்கிருந்து ஒலிக்கூடத்துக்குப் பாலம் ஏறித்தான் வர வேண்டும். அதில் நாற்காலி ஏறாது.

அம்மா அழைத்தாள். "போய்ச் சேந்துட்டியாப்பா?"

"சேந்துட்டே இருக்கேன், வைம்மா."

அக்காவை அழைத்தேன். எடுத்ததும் கத்தினேன். "உன் சைட்ல லிஃப்ட் ஓடுதுன்னு போட்டிருக்கு. இங்க காகிதம்தான் ஓடுது."

"நீ இறங்கற ஸ்டேஷன்லயா? இரு, ஒருத்தருக்குக் கண்ணு பாத்துக்கிட்டு இருக்கேன். சார், ஒரு நிமிஷம், அந்த ஃப்ரேமக் கழட்டாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வேற வழி இருக்கா அங்க?"

"அத நீ சொல்லணும். அந்த மஞ்சள்குடை மூட்டைல இந்த ஸ்டேஷன் இருந்துச்சா?"

மறுமுனையில் அவள் எதையோ மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, நீதானே பாத்த?"

"நான் உள்ள பாக்கலடா."

இந்த ஒரு வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பிறகு தட்டச்சுச் சத்தம் கேட்டது. "நிறம்... நிறம்... கமா... கழிப்பறை... ஐயோ, இன்னும் நிறம்..." அவள் முணுமுணுத்துக்கொண்டே போக, நான் நடைமேடையில் முன்னும் பின்னும் நாற்காலியை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ரயில் வந்து ஆட்களைக் கொட்டிவிட்டுப் போனது. அத்தனை பேரும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்கள். வயிறு எரிந்தது. அம்மா மறுபடி அழைத்தாள், எடுக்கவில்லை.

"கிடைச்சுதுடா!" என்றாள் அக்கா. "'லிஃப்ட் ஓடவில்லை. நடைமேடையின் கடைசியில் விளம்பரப் பலகைக்குப் பின்னால் சாம்பல் நிறக் கதவு இருக்கிறது. பக்கத்துக் கடைகளின் சரக்கு லிஃப்ட் அது. மணி அடித்தால் ஒரு அம்மா வந்து திறப்பார். கொஞ்சம் நேரமாகும், பொறுமையாக இருங்கள். அவருக்குக் காது மந்தம், சத்தமாகப் பேசுங்கள்.'"

ஊழியர் எனக்கு முன்னால் ஓடிப் பார்த்தார். "இங்க ஒரு கதவு இருக்கா!" என்று என்னிடமே கேட்டார். மணி அடித்தோம், காத்திருந்தோம், மறுபடி அடித்தோம். என் விரல் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. ஒருவழியாகக் கதவு திறந்தது. அட்டைப்பெட்டிகளைக் காலால் தள்ளி எனக்கு இடம் பண்ணினார் ஒரு வயதான அம்மா.

"இப்படித்தான் அன்னிக்கும் ஒரு பொண்ணு வந்துச்சு," என்றார் லிஃப்ட் ஏறும்போது. "மஞ்சக் குடை ஒண்ண மடியில வெச்சுக்கிட்டு அவங்கப்பா உக்காந்திருந்தாரு, அது தள்ளிக்கிட்டு வந்துச்சு. இத எழுதிப் போடறேம்மா, மத்தவங்களுக்கும் ஆகும்னு சொல்லிச்சு. எழுதிச்சா?"

நேற்று லாரி என்று நாங்கள் சிரித்தது இந்தப் பெண்ணைப் பார்த்துத்தான்.

"எழுதினாங்கம்மா," என்று சத்தமாகச் சொன்னேன்.

ஒலிக்கூடத்துக்கு நான் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேறொருவர் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தார். மேலாளர் நல்ல மனுஷி. தண்ணீர் கொடுத்தார். வழியில் என்ன நடந்தது என்று நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அடுத்த தடவை ஆள் எடுக்கறப்போ கண்டிப்பா கூப்பிடறோம்," என்றார். கெட்ட மனுஷியாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தெருவில் ஒரு மர நிழலில் நாற்காலியை நிறுத்தினேன். யாரையாவது கடித்துவிட வேண்டும் போலிருந்தது. அக்காவை அழைத்துக் கத்தினால் அழுவாள், அழுதால் எனக்குக் கோபம் போய்விடும். கோபம் போவதை நான் விரும்பவில்லை. போனில் 'படியில்லா வழி'யைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திருத்தம் அனுப்பினேன். ஒரே நிலையம், ஒரே மாற்றம், நானே எடுத்த படம். சல்லடையில் சிக்காத சுத்தமான திருத்தம். காரணம் என்ற கட்டத்தில் முதலில் கெட்ட வார்த்தைகளாக எழுதி அழித்தேன். பிறகு இப்படி எழுதினேன்: 'இந்தப் பக்கத்தை நம்பி வந்தேன். வேலை போச்சு.'

அவளுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் அனுப்பினேன். வேறு ஒரு நல்லெண்ணமும் இல்லை.

அம்மா அழைத்தாள். "முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுதும்மா," என்றேன். அவள் சந்தோஷமாக வைத்துவிட்டாள். இந்தப் பொய்யை வீட்டுக்குப் போய் எப்படி அவிழ்ப்பது என்று தெரியவில்லை.

போன் அதிர்ந்தது. உங்கள் திருத்தம் திருப்பி அனுப்பப்பட்டது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. என்னையுமா? இன்றைக்குமா? இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் இவளுக்கு, என் நாற்காலியைக் கழற்றிப் பார்சலில் அனுப்பட்டுமா? சண்டைக்குத் தயாராக நிலையத்தின் பக்கத்தைத் திறந்தேன்.

பச்சை அடையாளம் போய்ச் சிவப்பு வந்திருந்தது. சாம்பல் நிறக் கதவு, மணி, காது மந்தமான அம்மா, பொறுமையாக இருங்கள் என்ற சொல்வரை அப்படியே ஏறியிருந்தது. கீழே, அனுப்பியவர்: மஞ்சள்குடை. அடுத்த நிலையத்தைத் தட்டினேன். அங்கேயும் மஞ்சள்குடை. அதற்கடுத்ததும் அப்படியே. கண் சோதிக்க வந்தவரை உட்காரவைத்துவிட்டு அக்கா அந்த மூட்டையைத் தானே பிரித்து, லிஃப்ட் சேதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தப் பெண்ணின் பெயரிலேயே ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு நிலையம் சிவப்பானது.

திரும்பி வந்து, என் திருத்தத்தின் கீழே அவள் எழுதியிருந்த காரணத்தைப் படித்தேன்.

'இதை உங்களுக்கு முன்பே ஒருவர் மூன்று முறை சொல்லிவிட்டார். நான்தான் படிக்கவில்லை.'